தலைக்குக் கதிர்ச் சிகிச்சை நடைபெறும் வீட்டில்

மூளையிலே கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் வீடே கலங்கிப்போகின்றது. அதன் மேல் வைத்தியர் கதிர்ச் சிகிச்சை வேண்டுமென்று கூறுவாராயின், தலையை நெருப்பில் வாட்டுவது போன்றதொரு கற்பனை பலர் உள்ளத்தில் எழுகின்றது. உண்மை அவ்வாறன்று. கதிர் பாயும்போது நோவில்லை. முகத்துக்கு அளவாக வார்த்த வலைபோன்ற கவசத்தை அணிவித்துத் தலை அசையாதபடி மேசையில் பொருத்துவர். சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும். வெளியிலிருந்து செலுத்தப்படும் இக்கதிர் உடம்பிலே தங்குவதுமில்லை. ஆதலின் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய தாய் தன் குழந்தையைத் தயக்கமின்றி மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

மூளையிலேயே தோன்றும் கொடிய கட்டிகளுக்கு வாரத்தில் 5 நாளாக 6 வாரம், மொத்தம் 60 கிரே கொடுப்பது பெருவழக்கு. வேறிடத்துப் புற்றுநோய் மூளைக்குப் பரவியவிடத்து முழு மூளைக்கும் 10 தடவைகளில் 30 கிரே கொடுப்பதுண்டு.

தொல்லைகள் உடனே தோன்றுவதில்லை. இரண்டு மூன்று வாரமளவில், கதிர் பட்ட இடத்து முடி உதிரத் தொடங்கும். தோல் சிவந்து அரிக்கும். தலை குளிரட்டுமென்று நல்லெண்ணெயைத் தேய்ப்பது நம்மவர் வழக்கம். அன்புடன் செய்வதாயினும், சிகிச்சை முடியும்வரை வைத்தியரைக் கேளாது எண்ணெயோ களிம்போ பூசுதல் ஆகாது. வெதுவெதுப்பான நீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வெயிலில் செல்லும்போது மெல்லிய பருத்தித் துணியால் தலையை மூடிக்கொண்டாற் போதும்.

களைப்பு வாரந்தோறும் கூடும். அது சோம்பலன்று. பகலிற் சிறிது உறக்கம், மாலையிற் சிறிது நடை இரண்டும் உதவும். குமட்டலுக்கு மாத்திரை உண்டு. உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கலாம். வைத்தியர் விலக்காத உணவையும் பத்தியமென்று நிறுத்தி நோயாளியை மெலிய வைப்பது பெருந்தவறு.

வீட்டார் மிக விழிப்பாயிருக்க வேண்டியது டெக்சாமெத்தசோன் என்னும் மாத்திரை விடயத்திலேயாகும். மூளையின் வீக்கத்தைத் தணித்துத் தலையிடியையும் வாந்தியையும் குறைப்பது இதுவே. உணவுடன் உட்கொள்ள வேண்டும். மாலையில் எடுத்தால் உறக்கம் கெடுமாதலின் காலையிலும் நண்பகலிலும் கொடுப்பர். பசி மிகும், முகம் பருக்கும், சிடுசிடுப்பு உண்டாகும், நீரிழிவுள்ளோருக்குச் சர்க்கரை ஏறும், நாவில் வெண்படை படர்வதுமுண்டு. முகம் வீங்குகின்றதே என அஞ்சியோ, சுகமாகிவிட்டதென எண்ணியோ திடீரென நிறுத்தினால் ஆபத்து நேரும். பல நாள் வெளியிலிருந்து கிடைத்த மருந்தினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். மூளை வீக்கமும் மீளக்கூடும். ஆகவே வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

சிகிச்சை முடிந்து சில வாரங்களின் பின் சிலருக்கு அளவுகடந்த தூக்கமும் மந்தமும் வரும். நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் ஏங்குவர். பெரும்பாலும் இது தானே தீரும் தற்காலிக நிலையே. ஆயினும் வைத்தியரிடம் கூறி அறிந்துகொள்வதே முறை. கடுந்தலையிடி, ஓயாத வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, எழுப்பியும் எழாத மயக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முழு மூளைக்கும் கதிர் பெற்றோருக்கு நினைவாற்றல் மங்குவது நெடுங்காலக் கவலை. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் கதிர் குறைவாகப் படும்படி திட்டமிட்டு, மெமன்டீன் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் இக்குறை தணிவதாக 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆயினும் வைத்தியரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முடியைப் பற்றியும் ஒரு சொல். கதிரின் அளவு மிகுந்த இடத்தில் அது மீளாமலும் போகலாம். மற்றையோருக்குச் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். முன்பு நேராயிருந்தது சுருளாக வருவதுமுண்டு.