செவரன்ஸ் பணத்தை மறைக்கலாமா?

அமெரிக்காவுல லேஆஃப் ஆகி, கையில செவரன்ஸ் பணமும் வந்திருக்கா? அன்எம்ப்ளாய்மென்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, "இதைச் சொன்னா நமக்குக் கிடைக்காதோ"ன்னு பயந்து மறைச்சிடாதீங்க.

விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் செவரன்ஸ் பொதுவாகச் சம்பளக் கணக்கில் வராது; பெனிஃபிட் குறையாது. நியூயார்க்கில், கடைசி வேலை நாளிலிருந்து 30 நாளுக்குள் செவரன்ஸ் வர ஆரம்பித்து, அதன் வாரக் கணக்கு மாநிலத்தின் அதிகபட்ச வார பெனிஃபிட்டைத் தாண்டினால், அந்த வாரங்களுக்கு பெனிஃபிட் கிடையாது. 30 நாள் கழித்துத்தான் முதல் பணம் வருதுன்னா பாதிப்பு இல்லை.

ஆக, உண்மையைச் சொன்னா சில மாநிலங்களில் பெனிஃபிட் தள்ளிப்போகலாம். பொய் சொல்லி மாட்டினா, வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். கலிஃபோர்னியாவில் அதுக்கு மேல 30 சதவீத அபராதமும் உண்டு. வேலை இல்லாத நேரத்துல இந்தக் கடன் தேவையா?

செவரன்ஸ் கடிதத்தை எடுங்க. எவ்வளவு, எத்தனை வாரத்துக்கு, எந்தத் தேதியில்னு பாருங்க. கேட்கிற இடத்துல அப்படியே எழுதுங்க. எப்படிக் கழிக்கணும்ங்கிறதை மாநில அலுவலகம் முடிவு பண்ணட்டும். அது உங்க வேலை இல்லை.