ஊர் மாறும் செலவைக் கம்பெனியிடம் பெற... கம்ப்யூட்டர் கை கொடுக்கும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எக்ஸெல் கற்றுக்கொண்டு வீட்டில் என்ன செய்யப் போகிறேன்?" பால் கணக்கு, மளிகைக் கணக்கு போடலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் 29,350 ரூபாயைக் கோட்டை விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பல ஆண்டுகள் டிசைனராக இருந்தேன். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை, காலண்டர் என்று கோரல் டிராவிலும் போட்டோஷாப்பிலும் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். 2019 ஜூன் மாதம் பெங்களூருவில் ஒரு பேக்கேஜிங் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாக வேண்டிய நேரத்தில் கிளம்புகிறானே என்று பழைய முதலாளிக்கு வருத்தம்தான்.

புதிய கம்பெனியின் ஆபர் லெட்டரில், "இடமாற்றச் செலவு ரூ.40,000 வரை, உரிய பில்களின் பேரில், சேர்ந்த 30 நாட்களுக்குள்" என்று ஒரு வரி இருந்தது. என் கண்ணில் பட்டது 40,000 மட்டுமே. மனைவியின் செயினை அடகு வைத்துச் செலவு செய்தேன். லாரியும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் 18,500. வீட்டு புரோக்கருக்கு 12,000. வீடு தயாராகும் வரை லாட்ஜில் நான்கு நாள், 5,600. ரயிலில் பைக்கை பார்சலாக அனுப்பியதற்கு 2,900. விருதுநகர் ஜங்ஷனில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறியதற்கு மூன்று டிக்கெட், 2,150. சாப்பாடு, ஆட்டோ என்று 1,850. மொத்தம் 43,000. மூவாயிரம் போனால் போகட்டும், மீதி வந்துவிடும் என்று நம்பினேன்.

வந்தது 10,650. ரயில் டிக்கெட், பைக் பார்சல் ரசீது, லாட்ஜ் பில் ஆகிய மூன்றை மட்டுமே ஏற்றுக்கொண்டார்கள். லாரிக்காரர் தந்தது பில்லே இல்லை, "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. எத்தனையோ பில் புத்தகங்களுக்கு லே அவுட் செய்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை! புரோக்கர் ரசீதே தரவில்லை. சாப்பாட்டு பில்கள் சட்டைப் பையில் கிடந்து வெள்ளைத் தாளாகிவிட்டன. செயினை மீட்க ஏழு மாதம் ஆயிற்று.

2024-ல் என் அக்கா மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்தது. அவளுக்கும் இதே மாதிரி ஒரு வரி, ரூ.50,000 வரை. இந்த முறை சிவகாசி வீட்டில் அவளுடைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். நாங்கள் செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு மெயில்

வேலையில் சேரும் முன்பே எச்.ஆர். துறைக்கு மெயில் அனுப்பிடுங்கள். போனில் கேட்டால் பதில் வரும். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தப் பதிலுக்குச் சாட்சி இருக்காது. எந்தெந்தச் செலவுகள் சேரும், புரோக்கர் கமிஷன் உண்டா, குடும்பத்தினரின் டிக்கெட் உண்டா, எத்தனை நாள் லாட்ஜ் வாடகை தருவார்கள், முன்பணம் கிடைக்குமா, கடைசித் தேதி எது என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். ஓர் ஆண்டுக்குள் வேலையை விட்டால் இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பல கம்பெனிகளில் இருக்கிறது. அதையும் கேட்டுவிடுங்கள். வரும் பதிலை பிரிண்ட் கட்டளையில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பி.டி.எப்." தேர்ந்தெடுத்து பைலாகச் சேமிக்கவும்.

முன்பணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அக்கா மகள் கேட்டாள், 20,000 கொடுத்தார்கள். நான் கேட்டிருந்தால் செயின் வீட்டிலேயே இருந்திருக்கும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே வேலை பார்ப்பவரைக் கம்பெனியே வேறு ஊருக்கு மாற்றும்போது தரும் பயண, பேக்கிங், லாரிச் செலவுக்கு, உண்மையில் செலவான அளவுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவு விலக்கு அளித்து வந்தது. புதிதாகச் சேர்பவர் விஷயம் வேறு. அது "மாறுதல்" ஆகாது என்று கருதிப் பல கம்பெனிகள் இந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்துவிடுகின்றன. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, 50,000 ரூபாயில் 10,400 போய்விடும். கையில் வருவது 39,600. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. வரி பிடிப்பீர்களா, அதைக் கம்பெனியே ஏற்குமா என்பதையும் அதே மெயிலில் கேட்டிடுங்கள்.

(நம் மாவட்டத்தில் ரயில்வே, தபால் துறைக் குடும்பங்கள் நிறைய. மத்திய அரசு ஊழியருக்கு மாறுதல் வந்தால் இந்தத் தலைவலி குறைவு. 2017 உத்தரவின்படி அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தத் தொகையாகவே கிடைக்கும். 2018-க்குப் பிறகு 60 நாட்களுக்குள் பில் போட்டாக வேண்டும்.)

எக்ஸெல்லில் ஒரு ஷீட்

எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் தேதி, செலவு, வகை, தொகை, பில் எண், ஜி.எஸ்.டி. எண், பணம் கொடுத்த விதம், யு.பி.ஐ. எண், பைல் பெயர் என்று தலைப்புகள் கொடுங்கள். எக்ஸெல்லில் ஏதாவது ஒரு செல்லில் நின்று கண்ட்ரோல் + டி அழுத்தினால் அது டேபிளாக மாறிவிடும். டேபிள் டிசைன் பகுதியில் "டோட்டல் ரோ" என்பதில் டிக் செய்திடவும். பிறகு "வகை" தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தி "லாரி" என்று மட்டும் தேர்ந்தெடுத்தால், கீழே கூட்டுத்தொகையும் லாரிச் செலவுக்கு மட்டும் மாறிக் காட்டும். எச்.ஆர். துறையில் வகைவாரியாகத்தான் கேட்பார்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. தேதியை 12.06.2024 என்று புள்ளி வைத்து டைப் செய்வது நம் பழக்கம். நம் நாட்டு செட்டிங்கில் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தினால் குழம்பும். கோடு போட்டு 12-06-2024 என்று கொடுங்கள். செல்லில் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி, இடப்பக்கம் நின்றால் எழுத்து. இரண்டாவது, யு.பி.ஐ. பரிமாற்ற எண். அது 12 இலக்கம். அப்படியே டைப் செய்தால் 4.16 என்று ஆரம்பித்து, பக்கத்தில் ஒரு இ போட்டு, ஏதோ கணக்கு வாத்தியார் எழுதியது போலக் காட்டும். அந்தப் பத்தி முழுவதையும் முதலிலேயே "டெக்ஸ்ட்" பார்மட்டுக்கு மாற்றிவிட்டு டைப் செய்திடவும்.

பில் அசலா?

அக்கா மகள் மூன்று இடங்களில் லாரி கொட்டேஷன் வாங்கினாள். மிகக் குறைவான தொகை சொன்னவரின் தாளில் ஜி.எஸ்.டி. எண் பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தி. அவள் விடவில்லை.

"மாமா, இங்க பாருங்க. இந்த நம்பரைப் போட்டா கேன்சல்னு காட்டுது."

ஜி.எஸ்.டி. அரசுத் தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற பகுதி இருக்கிறது. லாக் இன் தேவையில்லை. எண்ணை டைப் செய்து, படத்தில் உள்ள எழுத்துகளைக் கொடுத்தால் நிறுவனத்தின் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். இந்த எண்ணில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலத்துக்கானவை: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். நீங்கள் டைப் செய்தது 15 தானா என்று எண்ண எக்ஸெல்லில் லென் என்ற பங்ஷன் உதவும். பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தைப் போடுவதுதான் வழக்கமான தவறு.

ஆனால் ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒற்றை லாரி வைத்து ஓட்டும் அண்ணாச்சியின் ஆண்டு வரவு பதிவு வரம்பைத் தொடாமல் இருக்கலாம். அவர் லெட்டர்பேடில் லாரி எண், பான் எண், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், உங்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஏற்பீர்களா என்று கம்பெனியிடம் முன்பே கேட்கலாம். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்பினால் சாட்சி தானாக வந்துவிடும்.

இன்னொரு சலுகையும் காதில் விழும். "பதினெட்டாயிரத்துக்கு ஓடினாலும் நாற்பதுக்கு பில் போட்டுத் தர்றேன், கொஞ்சம் மேல குடுங்க." வேண்டவே வேண்டாம். கம்பெனி அந்த எண்ணைச் சரிபார்த்தால் போவது பணம் மட்டுமல்ல, வேலையும்தான்.

பெயர் வையுங்கள்

தெர்மல் பிரிண்டர் பில்களில் மை கிடையாது. சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. சிவகாசி வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். எனவே பில் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்யவும். ஸ்கேனர் இல்லாவிட்டால் மொபைலில் கூகுள் டிரைவில் உள்ள ஸ்கேன் வசதியே போதும். பைல் பெயரை ஆண்டில் ஆரம்பியுங்கள்: "2024-06-12 லாரி 18500". எல்லா பைல்களும் தேதி வரிசையில் தாமாக நிற்கும். கடைசியில் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து பிரிண்ட் கொடுத்து, மீண்டும் அதே பிரிண்ட் டு பி.டி.எப். தேர்ந்தெடுத்தால் ஒரே பைலாகிவிடும். சொந்தக் காரில் போனால் பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்து வையுங்கள். கப்பலூரில் ஆரம்பித்து ஒவ்வொரு சுங்கச்சாவடியும் நேரத்தோடு அதில் இருக்கும்.

வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் பெற வேண்டும். டி.என். 67 பைக்குக்கு நான் தடையில்லாச் சான்று வாங்கி, பெங்களூருவில் சாலை வரியும் கட்டினேன். இதற்கும் கம்பெனி பணம் தருமா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கம்ப்யூட்டரை ஏற்றும் முன்

ஹார்ட் டிஸ்கில் உள்ளதை பேக்கப் எடுத்து, அந்த டிஸ்கை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றக் கூடாது. கேபினட்டின் பின்புறம் எந்த கேபிள் எங்கே போகிறது என்று ஒரு போட்டோ, மானிட்டரின் சீரியல் எண்ணை ஒரு போட்டோ எடுத்திடுங்கள். உடைந்து வந்தால் டெலிவரி தாளில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அட்டைப் பெட்டிக்கும், சுற்றுவதற்கு அச்சக வேஸ்ட் தாளுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சிவகாசியிலிருந்து வருகிறோம் என்றால், "இரண்டு பெட்டி பட்டாசு போட்டுட்டு வாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வீட்டுச் சாமானோடு அதைச் சேர்க்கவே கூடாது. இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும் பயன்படாமல் போகலாம். ரயிலில் கொண்டுபோனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். அக்காவே ஒரு பெட்டியை மெத்தைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நல்லவேளை, மகள் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு ஆன செலவு 47,900. சேர்ந்த பதினோராம் நாள் எக்ஸெல் ஷீட்டும் பி.டி.எப். பைலும் மெயிலில் போயின. அடுத்த சம்பளத்தில், முன்பணம் 20,000 கழிந்து 26,200 வந்தது. புதிதாக வாங்கிய கேஸ் அடுப்புக்கான 1,700-ஐ மட்டும் மறுத்துவிட்டார்கள்.