கையில் இருக்கும் கொடை



மாதனூரில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் எங்களிடம் வந்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க எங்ககிட்ட என்ன சாமி இருக்கு? தைக்கிற கை மட்டும்தான் இருக்கு" என்றார். பீடத்திலிருந்து இத்தனை ஆண்டுகளும் காணிக்கையைப் பற்றியே பேசிவந்த எங்களுக்கு அச்சொல் உறுத்தியது.

அமெரிக்க ஆயர்கள் 1992-இல் எழுதிய மேய்ப்புப்பணி மடல், நல்ல பொறுப்பாளரை நான்கு செயல்களால் விளக்குகிறது. அவர் இறைவனின் கொடைகளை நன்றியோடு பெறுகிறார்; பேணி வளர்க்கிறார்; நீதியோடும் அன்போடும் பகிர்கிறார்; பெருக்கி ஆண்டவரிடமே திருப்பித் தருகிறார். பணம் அக்கொடைகளில் ஒன்று மட்டுமே.

இதற்குச் சான்று நமக்கு அருகிலேயே உண்டு. 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் நமக்கு நல்ல ஆசிரியர். மருத்துவம் படிக்குமுன் அவர் இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். வீணாகக் கழிந்ததாகத் தோன்றிய காலம் அது. 1946-இல் வேலூர் வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். குணமானவர்கள் பிழைக்க வழியின்றித் தவித்தபோது, பழைய தச்சுத்தொழிலையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

உணர்ச்சியற்ற பாதத்தில் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுந்தால் புண்ணாகும். நோயாளிக்கு வலி தெரியாது. ஆகவே எடையைப் பரப்பித் தாங்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் உருவானது. அதில் ஆணி கூடாது. ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாதே! மருத்துவரின் அறிவோடு செருப்புத் தைப்பவரின் கைத்திறனும் சேர்ந்தே பல பாதங்களைக் காத்தது.

அந்தச் சகோதரி அற்பமாக நினைத்த கை அதுவே.

உங்கள் கொடையை அறிய மூன்று கேள்விகள் போதும். எதைச் செய்யும்போது மனம் நிறைகிறது? எந்த உதவிக்கு அக்கம்பக்கத்தார் உங்களைத் தேடி வருகிறார்கள்? அது யாருடைய துன்பத்தைக் குறைக்கும்? உழைத்துக் களைத்தவரின் ஓய்வைப் பறிப்பது பகிர்தல் ஆகாது. மாதத்தில் ஒரு மணி நேரமும் மெய்யான காணிக்கையே.

இம்முறை காணிக்கை உறையில் ஒரு சீட்டையும் வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலையை அதில் எழுதுங்கள். உறையில் பணம் இல்லாவிட்டாலும் சீட்டு வரட்டும்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.