உங்களுக்குத் தெரியுமா? விமான உறுமலை அடக்கும் மண்மேடுகள்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில், விமானங்கள் ஓடுபாதையில் விரைந்து மேலெழும்போது பிறக்கும் உறுமலை, மதில்களைக் கொண்டன்றி, உழுத வயலைப் போல வரிவரியாகக் குவித்த மண்மேடுகளைக் கொண்டே குறைக்கின்றனர்.

• 2003இல் போல்டர்பான் என்னும் ஓடுபாதை திறக்கப்பட்டபின் சுற்றுவட்டார மக்கள் இரைச்சல் குறித்து முறையிட்டு வந்தனர். அறுவடை முடிந்து வயல்களை உழுத பருவத்தில் அது தணிந்ததைக் கண்டதிலிருந்தே இவ்வழி பிறந்தது.

• இந்த உறுமலின் தாழ் அதிர்வெண் ஒலி, அதாவது நொடிக்குச் சில பத்து முறை மட்டுமே அதிரும் ஒலி, ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள அலைகளாகத் தட்டை நிலத்தை ஒட்டிப் பரவுவதால், சாதாரணத் தடுப்புகளை எளிதில் வளைந்து கடந்துவிடும். அதே அளவு இடைவெளியில் அமைந்த மேடுகளோ அதனைச் சிதறடித்து மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன.

• இவ்வழியில், நிலக்கலைஞர் பால் டி கோர்ட்டின் வடிவமைப்பில் 2013இல் திறக்கப்பட்ட பௌட்டன்ஸ்கோட் பூங்காவில் ஏறத்தாழ 150 மேடுகள் உள்ளன. அவற்றினூடே நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் செல்கின்றன. ஒலித்தடுப்பு ஒன்று மக்கள் விரும்பி உலாவும் இடமாகவும் அமைவது அரிதே.

• எனினும், தலைக்குமேல் பறக்கும் விமானத்தின் ஓசைக்கு இம்மேடுகள் தடையாகா.

• இரைச்சலைக் குறைப்பதில் ஸ்கிபோல் போல, எரிசக்தியில் வழிகாட்டியது இந்தியாவின் கொச்சி விமான நிலையம்: 2015இல் தன் மின்தேவைக்கு ஈடான சூரிய மின்சாரத்தைத் தானே ஆக்கத் தொடங்கிய அந்நிலையத்தில், சூரியத் தகடுகளைக் கழுவும் நீர் அவற்றின் கீழ் விளையும் காய்கறிகளுக்குப் பாய்கிறது.