நாணயத்தைப் படித்தலும் பேணுதலும்

கடல் கடந்து வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் பல நாட்டு நாணயங்கள் கலந்து கிடப்பதுண்டு. அவற்றைச் சேகரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் விலையை விசாரிக்கின்றனர். அடுத்து, பளபளக்கத் தேய்க்கின்றனர். விலையை அறியுமுன் எழுத்தை அறிய வேண்டும்; தேய்ப்பதையோ அறவே தவிர்க்க வேண்டும்.

அரபு எழுத்தை ஓதத் தெரிந்தவருக்கு இத்துறையின் வாயில் பாதி திறந்தே இருக்கிறது. நாணயத்தில் முதலில் 'ளுரிப' என்னும் சொல்லைத் தேடுக. 'அடிக்கப்பட்டது' என்பது அதன் பொருள். அதை அடுத்து வருவது பெரும்பாலும் அக்கசாலை இருந்த ஊரின் பெயர்: குஸ்தன்தீனிய்யா, மிஸ்ர் என்பன போல.

ஆண்டைப் படிப்பதில் நிதானம் தேவை. உதுமானிய நாணயங்கள் பலவற்றில் சுல்தான் அரியணை ஏறிய ஆண்டும் ஆட்சியாண்டும் தனித்தனியே இருக்கும். இரண்டாம் அப்துல் ஹமீதின் காசில் 1293 என்றும் 33 என்றும் இருந்தால், அது அடிக்கப்பட்டது ஹிஜ்ரி 1325இல். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். இங்கு அது 1907. ஈரானின் 1350ஆம் ஆண்டுக் காசோ சூரியக் கணக்கைச் சேர்ந்தது. 621ஐக் கூட்ட 1971 வரும். திப்பு சுல்தான் 1787 முதல் மவ்லூதி ஆண்டை வலமிருந்து இடமாகப் பொறித்தார். 1215 என்பது நம் கண்ணுக்கு 5121 எனத் தோன்றும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172ஆம் ஆண்டும் காணப்படும். அப்பேரரசர் 1759இல் கொல்லப்பட்டார். 19ஆம் நூற்றாண்டிலும் அதே ஆண்டைப் பொறித்தே அடித்து வந்தனர்.

எழுத்தைப் போன்றே எடையும் சான்றாகும். உமய்யா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) உருவங்களை நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். எஞ்சியுள்ள அத்தகைய தீனார்களின் எடை ஏறத்தாழ 4.25 கிராம். தங்கத்தின் நிஸாப் 20 தீனார். அந்த எடையைக் கொண்டே அறிஞர் யூஸுஃப் அல்கர்ளாவீ, 'ஃபிக்ஹுஸ் ஸகாத்' நூலில் நிஸாபை 85 கிராம் எனக் கணித்தார். நம் நாட்டு உலமாக்களில் பலர் தோலாக் கணக்குப்படி 87.48 கிராம் என்பர். வணக்கத்தின் அளவை ஆராய்வதற்கே பழங்காசின் எடை துணைநிற்கிறது என்றால், அதைத் தேய்த்துக் குறைப்பது எத்தகைய இழப்பு!

ஆகவே புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பொடி எதுவும் காசின்மேல் படலாகாது. செம்பின்மேல் காலம் படியச்செய்த உறுதியான கருமை அதற்கு ஒரு காப்பு. காசை விளிம்பில் பிடித்தே எடுக்க வேண்டும். விரல் வியர்வையும் உலோகத்தை அரிக்கும். பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்குவதால், அமிலமற்ற காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ ஏற்றது. ஓர் உறைக்கு ஒரு காசே இருக்கட்டும். கடலோர ஊர்களில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் பெட்டியில் இட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். உறையின்மேல் நாடு, அக்கசாலை, ஆண்டு, உலோகம், எடை, யாரிடமிருந்து வந்தது என்பவற்றைக் காசை உள்ளே இடுமுன் எழுதுக. கடைசிக் குறிப்பு இல்லையேல் குடும்ப வரலாறு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

கலிமாவோ இறைவசனமோ பொறித்த காசுகளைக் கண்ணியமான இடத்தில் வைப்பது நம் கடமை. சேகரிப்பு என்ற பெயரால் தங்க, வெள்ளி நாணயங்களின் ஸகாத் நீங்கிவிடாது. நிஸாபும் ஓராண்டும் நிறைந்தால் அது கடமையாகும். மண்ணில் கிடைத்த புதையல் காசுகளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. பழங்காசு நம் கைக்கு வந்துள்ள அமானிதம். எழுத்தும் எடையும் குன்றாமல் அதை அடுத்தவர் கையில் சேர்ப்போமாக.