ஜீப்புக்கு நான்கு ஷாக் அப்சார்பர் எதற்கு?



சென்ற மாதம் சாந்தோமில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது, நம்மை வெகுகாலமாய்த் தாங்கிவரும் ஒரு தாயார் தேவைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, மருந்துக்கு எழுதியிருக்கீங்க, படுக்கை விரிப்புக்கு எழுதியிருக்கீங்க, புரியுது. ஜீப்புக்கு நாலு ஷாக் அப்சார்பர்னு ஒரு வரி இருக்கே, அது எதுக்கு? போன வருஷம்தானே புதுசு போட்டீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியுங்கூட. போன வருஷம் போட்டது உண்மைதான். அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்துப் போட்டோம் என்பதும் உண்மை. அந்தத் தவறில் என் பங்கும் உண்டு என்பதால் நானே விளக்கி எழுதுகிறேன்.

நம்முடைய மலைக் கிராம வேலைக்கு ஓடுவது ஒரு பழைய மகேந்திரா ஜீப். நான்கு பக்கமும் கமான் பட்டை. அன்பளிப்பாக வந்தபோதே முந்தைய உரிமையாளர் அதை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டியிருந்தார். பாறையும் பள்ளமுமான பாதையில் வண்டியின் வயிறு தட்டாமல் போக அது உதவத்தான் செய்கிறது. போடிநாயக்கனூருக்கு மேலே 7,000 அடிக்கும் உயரத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறியவர்களுக்கு நான் சொல்லும் பாதை எப்படிப்பட்டது என்று தெரியும். அங்கே கார் போகாது, ஜீப் மட்டுமே போகும். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் மாட்டுவண்டியை விட்டுப் பிரான்சு தேசத்துப் பெஜோ காரில் சாலையோர மருத்துவத்துக்குப் புறப்பட்டது 1909-ல். இன்று நாம் அறிந்திருக்கும் குழாய் வடிவ ஷாக் அப்போது வழக்கத்துக்கே வரவில்லை. அந்தச் சாலைகளில் நோயாளிகளும் அம்மையாரும் பட்ட குலுக்கலை நினைத்தால் நாம் குறை சொல்லக்கூடாதுதான்.

முதலில் ஒரு பொதுவான தப்பெண்ணம். வண்டியின் பாரத்தை ஷாக் அப்சார்பர் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அதாவது கமான் பட்டை. சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் பட்டை வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அது சும்மா வைத்துக்கொள்ளாது, திருப்பி உதறும். உதறி, மறுபடி அமுங்கி, மறுபடி உதறும். கட்டுப்படுத்த ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அடுத்த பள்ளம் வரை ஊஞ்சலாடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. அதில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் சிரமப்பட்டுத்தான் கடக்க முடியும். அந்தச் சிரமத்தில் ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. அதனால்தான் மோசமான பாதையில் ஓடி நின்ற வண்டியில் ஷாக் சூடாக இருக்கும். எங்கள் டிரைவர் வண்டியை நிறுத்தியதும் நான்கையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்ப்பார். மூன்று சூடாயிருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எண்ணெய்க் கசிவு, டயரில் மேடு பள்ளமாகத் தேய்மானம், பிரேக் போட்டதும் மூக்கு குத்துவது ஆகியவையும் அடையாளங்களே. ஆனால் தொட்டுப் பார்ப்பதைப்போல் சுலபமான பரிசோதனை வேறில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் முன்பக்க ஷாக் இரண்டும் கசிந்தன. ஒரு கடைக்குப் போனோம். மாடல் பெயரைச் சொன்னோம். கடைக்காரர் அந்த மாடலுக்குக் கம்பெனி போட்ட அளவையே எடுத்துக் கொடுத்தார். வண்டி உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போல்ட் மாட்டியது, வண்டி ஓடியது, விலையும் குறைவு, எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் மாதம் ஒரு மலைக் கிராமத்திலிருந்து தொடை எலும்பு முறிந்த ஒரு பெரியவரை இறக்கிக்கொண்டு வந்தோம். பின்னால் அவர் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். ஓடையைக் கடக்கும்போது முன் இடது சக்கரம் ஒரு குழிக்குள் தொங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். ஷாக்கின் மேல் கண் பிய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த தூரம் முழுவதும் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்த பிடியை நான் மறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அதுதான் அதிகம் வேதனையாயிருந்தது.

ஏன் பிய்ந்தது என்பதைப் புதுப்பேட்டையில் பழைய மெக்கானிக் ஒருவர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். நம்முடைய பிழை முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் அதை அப்படியே தருகிறேன். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். ஷாக்கின் நீளத்தை மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரைக்கும் அளக்க வேண்டும். உயர்த்துவதற்கு முன் வண்டி சமதரையில் நிற்கும்போது அந்த இடைவெளி 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஷாக் முழுதாக நீண்டால் 20 அங்குலம். அப்படியானால் சக்கரம் கீழே தொங்க 4 அங்குலம் இடம் இருந்தது. வண்டியை 2 அங்குலம் உயர்த்தியதும் நிற்கும்போதே இடைவெளி 18 ஆகிவிடுகிறது. அதே ஷாக்கைப் போட்டால் தொங்க மிஞ்சுவது 2 அங்குலந்தான். ஆனால் கமான் பட்டை அதற்கு மேலும் இறங்கக்கூடியது. குழியில் சக்கரம் தொங்கும்போது அச்சின் முழுப் பாரத்தையும் ஷாக் ஒரு கயிற்றைப்போல் பிடித்து நிறுத்த வேண்டியதாகிறது. அது கயிறு அல்லவே! கண்ணோ, புஷ்ஷோ, பிராக்கெட்டோ எது பலவீனமோ அது போகும்.

"அப்போ ரெண்டு இஞ்ச் நீளமா வாங்கிட்டா சரியாப் போச்சா பாய்?" என்று கேட்டேன்.

"அங்கதான் ஃபாதர் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. நீட்டி அளந்தா போதாது, அமுக்கியும் அளக்கணும்" என்றார்.

நீளமான ஷாக்கை முழுதாக அமுக்கினாலும் அதன் மூடிய நீளம் அதிகமாகத்தான் இருக்கும். பிஸ்டன் தண்டும் எண்ணெய்க் குழாயும் எங்கேயாவது அடங்கியாக வேண்டுமே. அச்சு மேலே வரும்போது சட்டத்தில் உள்ள ரப்பர் தடை, மெக்கானிக்குகள் பம்ப் ஸ்டாப் என்பார்கள், அதில்தான் முதலில் முட்ட வேண்டும். நம் வண்டியில் நிற்கும் நிலையில் அச்சுக்கும் ரப்பருக்கும் மூன்றரை அங்குலம். ரப்பர் நசுங்க இன்னும் அரை அங்குலம். ஆக 18-லிருந்து 4 போக 14. ஷாக்கின் மூடிய நீளம் 14-க்குள், பத்திரத்துக்காக பதின்மூன்றரைக்குள், இருக்க வேண்டும். பதினைந்தரை அங்குலத்துக்குக் கீழே அமுங்காத ஷாக்கை மாட்டினால் ரப்பருக்கு முன்னால் ஷாக்கே தடையாகிவிடும். ஒரு பெரிய குழியில் உள் வால்வு நொறுங்கும், அல்லது மேல் பிராக்கெட் சட்டத்தைவிட்டுக் கிழியும். பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளந்தோம். இருபத்தொன்றரை வந்தது. அப்படியானால் விரிந்த நீளம் 22-க்குக் குறையக்கூடாது. மூடினால் பதின்மூன்றரை, விரிந்தால் 22. இந்த இரண்டு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் எந்தக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை. தயாரிப்பாளர்களின் பட்டியலில் இரண்டு நீளமும் அச்சிட்டிருக்கும். மூடிய நீளம் கொஞ்சம் கூடுதலாயிருக்கும் ஷாக்தான் கிடைக்கிறது என்றால் ரப்பர் தடையின் கீழ் ஒரு கட்டை வைத்து இறக்கிக்கொள்ளலாம்; மேல்நோக்கிய ஓட்டம் அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவே.

அச்சைத் தொங்கவிட்டபோது பாய் இன்னொன்றையும் காட்டினார். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் விறைத்து நின்றது. நீளமான ஷாக்கைப் போட்டுவிட்டு இதைக் கவனியாமல் விட்டால் ஷாக் தப்பிக்கும், பிரேக் அறுந்துவிடும். எனவே பட்டியலில் இரண்டு பிரேக் குழாய்களும் சேர்ந்தன. கேட்ட தாயார் அந்த வரியைக் கவனிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

சாய்மானமும் முக்கியம். ஷாக் செங்குத்தாக நின்றால் சக்கரத்தின் அசைவு முழுவதும் அதற்கு வந்து சேரும். 45 டிகிரி சாய்ந்திருந்தால் சக்கரம் 10 அங்குலம் போகும்போது ஷாக் ஏறத்தாழ 7 அங்குலமே போகும்; அடக்கும் பலமோ பாதியாகிவிடும். வண்டியை உயர்த்தும்போது இந்தச் சாய்வும் மாறுகிறது.

எந்த வகை வாங்குவது? இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். விலை குறைவு. கல் பட்டு வெளிக் குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் ஓடும். நெடுநேரம் குலுங்கினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், அப்போது பிடிமானம் தளரும். கொஞ்சம் நைட்ரஜன் வாயு அடைத்த இரட்டைக் குழாயில் அந்த நுரை குறைவு. ஒற்றைக் குழாய் ஷாக்கில் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் தனி அறையில் இருக்கும். சீக்கிரம் சூடு ஆறும், பிடிமானம் தளராது. ஆனால் ஒரு கூர்மையான கல் குழாயை நசுக்கிவிட்டால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வாயு அறைக்கும் இடம் வேண்டியதால் மூடிய நீளமும் கூடும். பில்ஸ்டீன், கோனி, ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, திருகி இறுக்கமாக்கக்கூடிய ராஞ்சோ என்று வெளிநாட்டு ஷாக்குகளை உயர்த்திய வண்டிக்காரர்கள் வாங்குகிறார்கள். நல்ல சரக்குதான். விலையோ உள்நாட்டு ஷாக்கைப்போல் பல மடங்கு. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளின் ஷாக் எந்த ஊரிலும் கிடைக்கும். மலையடிவாரத்தில் ஒன்று உடைந்தால் மறுநாளே மாற்ற முடியும் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். எங்களுக்கு வேண்டியது வாயு அடைத்த இரட்டைக் குழாய், மேற்சொன்ன நீளத்தில். நம் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் மலையில் போவதில்லை; பந்தய ஓட்டக்காரர்களின் ஷாக் நமக்கு எதற்கு?

இறுக்கமான ஷாக் நல்லது என்ற எண்ணமும் தவறு. சில இளைஞர்கள் கல்லைப்போல் இறுகிய ஷாக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். எலும்பு முறிந்தவரைப் படுக்கவைத்துக் கொண்டுவரும் வண்டியில் அது கொடுமை. ஒவ்வொரு சிறு கல்லும் முறிவில் குத்தும். அதற்காக மிகவும் தளர்ந்த ஷாக்கும் கூடாது, ஆட்டத்தில் கர்ப்பிணிகள் வாந்தியெடுப்பார்கள். பட்டை அமுங்கும்போது ஷாக் ஓரளவு விட்டுக்கொடுத்து, பட்டை திரும்பி உதறும்போது கெட்டியாகப் பிடிக்க வேண்டும். பின்பக்கம் பாரத்துக்காக ஒரு பட்டை கூடுதலாய் வைத்திருக்கிறோம். கடினமான பட்டை வேகமாய் உதறும் என்பதால் அங்கே திரும்பும் பிடி இன்னும் கூடுதலாயிருக்க வேண்டும். வண்டி காலியாயிருக்கும்போது மட்டும் அளந்து வாங்கக்கூடாது. எட்டுப் பேரை ஏற்றியும் அளந்தோம். வார்டு உதவியாளர்கள் ஏறி உட்கார்ந்து, ஏதோ சுற்றுலா என்று சிரித்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் வேறு ஷாக் போடுவது பழுதுபார்ப்பு. வண்டியை உயர்த்துவது அப்படியல்ல. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேட்பார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நம் ஜீப்பைக் காட்டி எழுத்தில் கேட்டிருக்கிறோம். சம்மதியாவிட்டால் பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவோம். அப்போது இந்த அளவுகளும் மாறும் என்பதால் பதில் வரும்வரை ஷாக் வாங்கவில்லை. இனி யாராவது உயர்த்திய வண்டியை நமக்கு அன்பளிப்பாய்க் கொடுக்க விரும்பினால், உயர்த்தாத வண்டியாகவே கொடுங்கள் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும். ஆகவே குறைந்தது இரண்டிரண்டாய் மாற்ற வேண்டும். பின்பக்க ஷாக்குகள் இன்னும் கசியவில்லை. ஆனால் அவையும் உயர்த்துவதற்கு முந்திய நீளத்தவை. அளந்து பார்த்துவிட்டோம்.

மாட்டும்போது பாய் இரண்டு விஷயம் செய்யச் சொல்லியிருக்கிறார். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுதாக இழுத்து அமுக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். கண் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். டிரைவர் இதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த இரண்டு நீளங்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன.