மலைக்கு மேலே வேலை, மலைக்குக் கீழே ஓட்டு

விடிவதற்குள் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறத் தொடங்கிவிடும். நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்கள் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்கக் காய் எடுக்கிறார்கள். சாயங்காலம் தேனி மாவட்டத்துக்குத் திரும்புகிறார்கள். குடிக்கும் தண்ணீர், ஒதுங்க ஒரு கழிப்பறை, மருந்தடித்த செடிக்குள் எத்தனை நாள் கழித்து இறங்குவது, மயங்கி விழுந்தால் எங்கே தூக்கிப்போவது என்பதெல்லாம் அவர்களுக்கு இடுக்கி மாவட்டத்து விஷயங்கள். ஓட்டு மட்டும் தமிழ்நாட்டில்.

கேரளத்தில் இந்த இடைவெளி மற்ற இடங்களைவிட அதிகம் வலிக்கும். ஏனென்றால் அங்கே மக்கள் பேச்சுக்கு உண்மையிலேயே பலன் உண்டு. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. 2017-ல் வந்த ஆர்த்ரம் திட்டத்தில் அவை குடும்ப சுகாதார மையங்களாக உயர்ந்தபோது, மாலை 6 மணி வரை மருத்துவம் பார்க்க வழி பிறந்தது. அதற்கான கூடுதல் டாக்டரைப் பஞ்சாயத்தே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். காடு இறங்கி வரும் தொழிலாளிக்கு அந்த மாலை நேரம்தான் ஆஸ்பத்திரி நேரம்.

இதையெல்லாம் கேட்டுப் பெறுகிற இடம் வார்டு கிராமசபை. அங்கே உட்கார வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். தேனிப் பெண்களுக்கு அது கிடையாது. வடமாநிலங்களிலிருந்து வந்து தோட்டத்திலேயே தங்கியிருப்பவர்களில் பலருக்கும் இதே கதை. தலைமுறைகளாக அங்கேயே குடியிருந்து ஓட்டும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களாவது பேசலாம். ஆனால் வேலைநாளில் கூட்டம் வைத்தால் ஒருநாள் கூலி போகும். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமை தந்திருக்கிறது. கூட்ட அறிவிப்பும் தீர்மானமும் தமிழிலும் கிடைத்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும்.

பூச்சிமருந்து மிக அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. அதனால் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் நடந்ததை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். குழந்தைகளின் உடலில் ஏதோ தப்பு நடக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் ஊர்க்காரர்களும் உள்ளூர் டாக்டரும்தான். வருடக்கணக்கில் அதையே விடாமல் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத் தடை 2011 மே மாதத்தில்தான் வந்தது. அவர்கள் அந்த மண்ணிலேயே குடியிருந்தவர்கள். மாலையில் மலையிறங்கிவிடுகிறவர்களின் தலைவலியையும் தோல் அரிப்பையும் எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது?

ஓட்டுப் பட்டியலைத் தாண்டியும் மக்கள் பேச்சைக் கேட்க வழி உண்டு. தாய்லாந்து 2007-ல் சட்டம் போட்டு, மறுவருடமே தேசிய சுகாதாரப் பேரவையைக் கூட்டியது. ஊர்ப் பிரதிநிதிகளோடு தொழில், சமூகக் குழுக்களும் அதில் உட்கார்ந்து தீர்மானம் போடுகின்றன. சாந்தன்பாறைக்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. கிராமசபையை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். சுகாதாரம் பேசும் நாளில் ஜீப்பில் வரும் பெண்களையும் வடநாட்டுத் தொழிலாளிகளையும் ஓட்டில்லாவிட்டாலும் அழைத்து, அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்றலாம். மருந்தடிக்கும் தேதியை முன்கூட்டியே தமிழிலும் இந்தியிலும் தோட்ட வாசலில் எழுதி வைக்கவேண்டும் என்பதை முதல் தீர்மானமாகப் போடலாம்.